பக்கத்து ஃபிளாட்டில் சனிக்கிழமை ராத்திரி

வாசகர் கேள்வி – பதில்: வீடு, வாடகை, அக்கம்பக்கம்

கேள்வி: துரைப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள். 86 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். பக்கத்து ஃபிளாட்டின் ஓனர் துபாயில் இருக்கிறார். தை மாதத்தில் அந்த வீட்டை ஐந்து பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். எல்லாருக்கும் ஐ.டி. வேலை. வார நாளில் ஆள் இருக்கிற சுவடே தெரியாது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் நண்பர்கள் வர ஆரம்பிப்பார்கள். ஸ்பீக்கர், ஆட்டம், பால்கனியில் கத்திப் பேசுவது என்று ராத்திரி இரண்டு, இரண்டரை வரை ஓடும். எங்கள் படுக்கையறைக்கும் அவர்கள் ஹாலுக்கும் ஒரே சுவர். மாமியார் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பார். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். ‘பேச்சிலர்களுக்கு வீடு விடக்கூடாது என்று தீர்மானம் போடுவோம், இவர்களையும் காலி பண்ண வைப்போம்’ என்று கிளம்பிவிட்டார்கள். கணவர் போலீஸுக்குப் போகலாம் என்கிறார். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் என்னால் வம்பு வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? — பெயர் வேண்டாம், சென்னை-97.

பதில்: ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் மாமியார் தூங்க வேண்டும். இது நீங்கள் யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை இல்லை, சட்டமே கொடுத்திருப்பது. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்று ஒன்று நாடு முழுவதும் அமலில் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது அதில் உள்ள அளவு. தனியார் வீட்டில் வைக்கும் ஸ்பீக்கரின் சத்தம் அந்த வீட்டு எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதாவது இரவில் 50. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே பக்கத்தில் நின்று அளந்தால் 60 டெசிபல் அளவில் வரும். அதனால் ‘எங்க வீட்டுக்குள்ளதானே பாட்டு போடறோம்’ என்ற பேச்சு எடுபடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் கொடுத்த தீர்ப்பும் இதை உறுதிப்படுத்தியது. தன் வீட்டுக்குள் சத்தம் போட எனக்கு உரிமை உண்டு என்பவர், கேட்க விரும்பாதவரின் காதுக்குள் அதைத் திணிக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உங்கள் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான்.

நீங்கள் எழுதியது சத்தத்தைப் பற்றி. குழு பேசுவது பேச்சிலர்களைப் பற்றி. இரண்டும் வேறு வேறு. ஒரு வாரம் விட்டால் ‘பொண்ணுங்க வர்றாங்க’, ‘பாட்டில் கிடக்குது’, ‘அரை டிராயரோட லிஃப்ட்ல வர்றாங்க’ என்று ஒவ்வொன்றாகச் சேரும். யார் எந்த வீட்டுக்கு வருகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள் என்பது அசோசியேஷனின் வேலையே இல்லை. உங்கள் புகாரில் அதெல்லாம் ஒட்டிக்கொண்டால், அந்தப் பையன்கள் காதில் ‘எங்களைப் பிடிக்கவில்லை’ என்பது மட்டும்தான் விழும். அதற்கப்புறம் சத்தத்தைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் ஏறாது. நாளைக்குப் போலீஸே வந்தாலும், ‘ஆன்ட்டிக்கு நாங்க பேச்சிலர்னு பிரச்னை சார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆகவே பேச்சிலும் எழுத்திலும் சத்தம், நேரம், சுவர் இந்த மூன்றைத் தாண்டாதீர்கள்.

‘பேச்சிலர்களுக்கு வீடு இல்லை’ என்ற தீர்மானத்தை நீங்கள் எதிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்கம் சத்தத்துக்கு விதி போடலாம், பொது இடத்துக்கு, பார்க்கிங்குக்கு விதி போடலாம். ஓனர், வாடகைதாரர் எல்லாருக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தும். வாடகைதாரரைக் காலி செய்ய வைக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. ஓனர்தான், அதுவும் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் செய்ய முடியும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓ.எம்.ஆரில் தெற்கத்திப் பிள்ளைகள் எத்தனை பேர் கையில் அட்வான்ஸோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்ற பலகை அந்த ஐந்து பையன்களை மட்டும் தடுப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் நர்ஸையும், கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணையும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த உங்கள் அக்கா மகனையும் அதே பலகைதான் தெருவில் நிறுத்துகிறது. பத்து மணிக்கு மேல் கச்சேரி வைக்கிற குடும்பங்களும் அடுக்ககங்களில் உண்டு. அவர்களுக்கு எந்தப் பலகை மாட்டுவது?

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் நேரில் பேசுங்கள். ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டிப் பேசாதீர்கள். அந்த நேரத்தில் வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் தலைகுனிய எந்தப் பையனுக்கும் மனசு வராது, சிலர் குடித்தும் இருக்கலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் போங்கள். காலையில் வேண்டாம். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு நம் விடியற்காலைதான் சாயங்காலம், வாரம் முழுக்க அப்படி இருந்துவிட்டு ஞாயிறு மதியம் வரை தூங்குவார்கள். செக்ரட்டரியையும் கமிட்டியையும் கூட்டிக்கொண்டு ஊர்வலமாகவும் போக வேண்டாம். நீங்களும் உங்கள் கணவரும் போதும்.

போனதும் குறை சொல்லத் தொடங்காமல், ஒருவரை உங்கள் வீட்டுக்குள் கூப்பிடுங்கள். ‘தம்பி, உங்க ஸ்பீக்கரை வழக்கமா வைக்கிற அளவுக்கு வெச்சுட்டு, ஒருத்தர் எங்க ரூமுக்கு வந்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க’ என்று சொல்லுங்கள். மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தில் நான் செக்ரட்டரியாக இருந்தபோது இதைப் பலமுறை செய்திருக்கிறேன். இதைவிட நன்றாக வேலை செய்த வழி வேறொன்றை நான் பார்த்ததில்லை. பாட்டு போடுகிறவருக்குச் சுவரின் மறுபக்கம் என்ன கேட்கிறது என்பது உண்மையாகவே தெரியாது. பல அடுக்ககங்களில் உள்சுவர் நாலரை அங்குலச் செங்கல்தான். அது குரலையும் மேல் ஸ்தாயியையும் ஓரளவு தடுக்கும். பேஸ் எனப்படும் கனத்த அடி ஒலி மட்டும் சுவரையும் தளத்தையும் அதிர வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடும். அங்கே அவர்கள் கேட்பது பாட்டு, இங்கே உங்கள் மாமியாருக்குக் கேட்பது மணிக்கணக்கில் ஒரே ‘தும் தும்’. எங்கள் மேல் மாடியில் இருந்த நாகர்கோவில் பெண்கள், கீழ் வீட்டுப் பாட்டியின் அறையில் நின்று கேட்ட அன்றைக்கே ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுத்து, நாலாக மடித்த போர்வையைப் போட்டு மேசைமேல் வைத்தார்கள். செயலியில் பேஸைப் பாதியாகக் குறைத்தார்கள். பாதிப் பிரச்னை அதிலேயே தீர்ந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான் கேளுங்கள். ‘கொஞ்சம் சத்தம் குறைங்க’ என்று பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்பீக்கர் எங்கள் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம், எதிர்ச் சுவர்ப் பக்கம் வையுங்கள். பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். பத்துக்கு மேல் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் உள்ளே இருங்கள். இப்படித் தெளிவாகச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு பிறந்த நாள், முன்கூட்டியே சொன்னால் பதினொன்று வரை பொறுத்துக்கொள்கிறோம் என்று நீங்களாக விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுக்கொடுப்பேன். மாமியாருக்கு முடியாது என்றால் வேண்டாம், அதற்காக நீங்கள் குறுகிப்போகத் தேவையில்லை. கடைசியாக ஒரு விஷயம். ஐந்து பேரில் ஒருவரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை போன் அடித்தால் எடுத்துப் பேசும் நிலையில் இருக்கும் ஒருவர், அவரே முன்வந்து கொடுக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் தொடர்ந்தால் எழுத்துக்கு வாருங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் அறைக்குள் நின்று, சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுங்கள். அவர்கள் பால்கனியையோ வருகிறவர்களையோ எடுக்க வேண்டாம், அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும். போனில் உள்ள டெசிபல் செயலியை முழுக்க நம்பாதீர்கள். நம் காதைப் போல அளக்கச் செய்யும் கணக்கில் பேஸ் ஒலி குறைவாகத்தான் பதிவாகும். எண் சின்னதாக வந்தது என்பதற்காக உங்கள் சிரமம் சின்னது ஆகிவிடாது.

அப்புறம் துபாயில் இருக்கும் ஓனருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சங்கத்தின் லெட்டர்ஹெட்டிலும் ஒன்று போகட்டும். அவருக்கு இதெல்லாம் தெரியாமலே இருக்கலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டைப் பிறருக்குத் தொல்லை தரும் விதமாகப் பயன்படுத்துவதும், ஓனர் நோட்டீஸ் கொடுத்த பிறகும் அதை நிறுத்தாததும் காலி செய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. ஓனரிடமிருந்து ஒரு கடிதம் வந்தாலே பெரும்பாலும் போதும்.

போலீஸ் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதும் சரி, உங்கள் தயக்கமும் நியாயம்தான். சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது 100 அல்லது 112-ஐ அழைத்தால், ரோந்து வண்டி வந்து குறைக்கச் சொல்லும். அவ்வளவுதான், அது வழக்கு ஆகிவிடாது. அந்தப் பையன்களின் பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ அதனால் ஒன்றும் வராது. மறுநாள் காலையில் போய்ச் சொல்வதில் பயனில்லை, அப்போது அங்கே கேட்க ஒன்றும் இருக்காது. திரும்பத் திரும்ப நடந்தால் ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத் தொல்லைக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். தொகை சிறியது, ஆனால் பதிவு நிற்கும். அதற்கும் அடங்காவிட்டால், தொல்லையை நீக்க உத்தரவு போடும்படி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) மனுப்போடலாம். இந்த மாதிரி விஷயங்கள் அவ்வளவு தூரம் போவது அபூர்வம்.

சங்கத்தில் யாராவது ‘கரண்டைப் பிடுங்கு, தண்ணியை நிறுத்து, வாட்ச்மேனை வைத்து ஃபிரண்ட்ஸை மறி’ என்று சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். குடியிருப்பவரின் அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை அதே 2017 சட்டம் தடை செய்கிறது. அப்படிச் செய்தால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

இதற்கிடையில், மாமியாரின் கட்டில் தலைமாடு அந்தச் சுவரில் ஒட்டியிருந்தால் நகர்த்திப் போடுங்கள். கட்டில் சுவரைத் தொடாமல் இருந்தாலே அதிர்வு குறையும்.

கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள் சோழிங்கநல்லூரில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறோம். வயது 24, 25. நாங்கள் சிரித்தால்கூடப் பக்கத்து வீட்டு அங்கிள் காலிங் பெல் அடிக்கிறார். தோழியின் பிறந்த நாளுக்கு 12 மணிக்கு கேக் வெட்டினோம், அதற்கு அசோசியேஷன் ‘9 மணிக்கு மேல் விசிட்டர் வரக்கூடாது’ என்று எங்களுக்கு மட்டும் தனி விதி போட்டிருக்கிறது. ஆடி மாதம் விடிய விடிய கோவில் ஸ்பீக்கர் ஓடியபோது யாரும் வாய் திறக்கவில்லையே மேடம்? — வாசகி, சென்னை-119.

பதில்: உங்களுக்கு மட்டும் போட்ட விதி செல்லாதும்மா. விசிட்டர் நேரம் என்று ஒன்று இருந்தால் அது ஓனர், குடும்பம், வாடகைதாரர் எல்லாருக்கும் ஒன்றாக, முறைப்படி சங்கத்தின் விதித் தொகுப்பான பைலாவில் இருக்க வேண்டும். அந்த விதி எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது என்று நகல் கேட்டு ஓர் மின்னஞ்சல் அனுப்புங்கள், ஓனருக்கும் அதே மின்னஞ்சலில் நகல் போகட்டும். சிரிப்புச் சத்தத்துக்குப் பெல் அடிப்பதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘அங்கிள், எங்களோட எந்தச் சத்தம், எத்தனை மணிக்குத் தொந்தரவா இருக்குன்னு சொல்லுங்க, பார்க்கறோம்’ என்று மரியாதையாக, ஆனால் வாசலிலேயே நின்று பேசுங்கள்.

கோவில் ஸ்பீக்கரைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒலி விதி அதற்கும் அதேதான். திருவிழாவுக்காக மாநில அரசு இரவு 10 முதல் 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் போகாமல். விடிய விடிய ஓடியது விதிமீறல்தான். அதற்கும் 112-ஐ அழைக்கலாம்.

ஆனால் 12 மணி கேக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேக் வெட்டும் நேரத்தில் வருகிற சத்தத்தைவிட, எல்லாரும் கிளம்பும்போது வருகிற சத்தம்தான் மற்றவர்களை எழுப்புகிறது. லிஃப்ட் வாசலில் கால் மணி நேரம் நின்று சொல்லும் ‘பை’, படிக்கட்டில் எதிரொலிக்கும் சிரிப்பு, கீழே ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகும் பைக். வீட்டுக்குள்ளேயே எல்லாரும் விடைபெற்றுவிட்டு அமைதியாக இறங்குங்கள், வண்டியை கேட் தாண்டி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பட்டாசு கூடவே கூடாது. இரவு பத்துக்கு மேல் சத்தம் தரும் பட்டாசு வெடிப்பது அதே விதிகளில் தடை. முதல் நாளே பக்கத்து வீட்டில் ‘நாளைக்கு என் ஃபிரண்டோட பர்த்டே, பன்னிரண்டேகாலுக்குள்ள முடிச்சுடுவோம்’ என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் முடியுங்கள். மறுநாள் ஒரு துண்டு கேக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த அங்கிள் மாறிவிடுவார் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் எதிர் வீட்டிலும் கீழ் வீட்டிலும் இருப்பவர்கள் உங்களுக்காகப் பேசுவார்கள், கூட்டத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் எனக்கு ஒரு வீடு. வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு விட நினைக்கிறேன். சத்தம் பற்றி ஒப்பந்தத்தில் எழுதலாமா? எப்படி? — வாசகர், கோவை.

பதில்: எழுதலாம், எழுத வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் (ரென்ட் அத்தாரிட்டி) பதிவு செய்துகொள்ளுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள், 2017 சட்டத்தில் அப்படி விலக்கு இல்லை. ‘வாடகைதாரர் அமைதியாக இருக்க வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் பயன்படாது. இப்படி எழுதுங்கள்: ‘இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டுக்கு வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. பால்கனி, மொட்டை மாடி, படிக்கட்டு ஆகியவற்றில் இந்த நேரத்தில் கூட்டம் கூடக் கூடாது. அக்கம்பக்கத்தாரின் எழுத்துப்பூர்வமான புகார் வந்தால் உரிமையாளர் எழுத்தில் எச்சரிப்பார், எச்சரிக்கைக்குப் பின்னும் தொடர்ந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம்.’

‘விருந்தினர் வரக்கூடாது’, ‘பெண்கள் வரக்கூடாது’ என்றெல்லாம் சேர்க்காதீர்கள், அது உங்கள் வேலையில்லை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்காமல் இருந்தால் நல்லது, சட்டம் சொல்லும் அளவும் அதுதான். சாவி கொடுக்கும் அன்று பிள்ளைகளை நீங்களே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் அழைத்துப் போய் அறிமுகம் செய்து, அந்த வீட்டுக்காரர்களிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.